எலிச்செடி மேல் போட்ட பழி

ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பக்கத்துப் புல்லைக் கையில் எடுத்துக் கசக்கினால் பொடியாக உதிரும். மாடுகள் அதைத்தான் விடிந்தது முதல் பொழுது சாய்கிறவரை மேயும். வயிறு புடைக்கத் தின்றும் விலா எலும்பை எண்ணிவிடலாம். மழைக்காலத்தில் போட்ட சதையைக் கிடாரிகள் வறட்சியில் இழந்துவிடும் என்பதை, செம்மண் தூசியை ஏற்றுக்கொண்டது போல ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. எடினால்வா மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். அழைப்பு வந்தது அவள் கணவன் லோரிவாலின் பெயருக்கு. முப்பது வருஷமாக மாடு வளர்க்கிறவனுக்கு யார் என்ன சொல்லிக்கொடுப்பது என்று அவன் போகவில்லை. அவள் போனாள். திரும்பி வந்து அவனிடம் சொன்னது இதுதான்: காய்ந்த புல்லை ஜீரணிப்பது மாடு அல்ல. மாட்டின் பெருவயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிக் கிருமிகள் இருக்கின்றன. அவைதான் புல்லை உடைத்துச் சதையாகிற சத்தாக மாற்றுகின்றன. காய்ந்த புல்லில் அந்தக் கிருமிகளுக்கு வேண்டிய நைட்ரஜன் இல்லை. அவை பட்டினி கிடக்கின்றன, புல் வயிற்றில் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால்தான் வயிறு நிறைந்தும் மாடு இளைக்கிறது. உப்போடு கொஞ்சம் யூரியா கலந்து வைத்தால் நைட்ரஜன் கிடைத்துவிடும். ஆனால் அதே நேரத்தில் எரிப்பதற்கு மாவுச்சத்தும் கிடைக்க வேண்டும். அதற்கு மரவள்ளி மாவு. இரண்டும் சேர்ந்து போக வேண்டும், அளவாகப் போக வேண்டும், பழக்கிப் பழக்கிப் போக வேண்டும்.

அந்தக் கிருமிகளை அவள் "சின்னதுங்க" என்று சொல்வாள். லோரிவால் அதைப் பிடித்துக்கொண்டான்.

"என் பொண்டாட்டி பயிருக்குப் போடற உரத்த மாட்டுக்குப் போடறா. அடுத்த வருசம் பாருங்க, கொம்புல மக்காச்சோளம் காய்க்கும்" என்று கடைவீதியில் சொல்லிச் சிரிக்க வைத்தான். சாயங்காலம் அவள் தொட்டிப் பக்கமிருந்து வந்தால், "என்ன நால்வா, உன் சின்னதுங்க சாப்ட்டாச்சா?" என்பான்.

"அதுங்க சாப்ட்டாச்சு. உனக்குத்தான் இன்னும் வைக்கல" என்பாள் அவள்.

இரண்டாவது வறட்சியிலேயே அவர்களுடைய கிடாரிகளின் தோல் பளபளத்தது. லோரிவால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் மக்காச்சோள வேடிக்கையைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டான். அவன் அப்படிப்பட்டவன். அவள் அம்மா இறந்தபோது அவன் ஓர் ஆறுதல் சொல்லவில்லை. புகைந்துகொண்டிருந்த அடுப்பை இடித்துவிட்டு ஒரே நாளில் புதிதாகக் கட்டிக் கொடுத்தான். வாய்க்கு வராதது அவனுக்குக் கைக்கு வரும்.

அந்த வருஷம் முப்பத்தொரு கிடாரிகள் நின்றன. ஜூன் முதல் எடினால்வா தானே கலந்து, தானே தராசில் நிறுத்து, தானே வைத்தாள். மூன்று தொட்டிகளும் நீலப் பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்தவை. மழைத் தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் ஓட்டை போட்டிருந்தாள். லோரிவால் வேலி, தண்ணீர், உண்ணி மருந்து எல்லாவற்றையும் பார்ப்பான். தொட்டிப் பக்கம் வரமாட்டான்.

ஆகஸ்டு நடுவில், மோன்ட்டெஸ் கிளாரோஸ் நகரத்தில் கல்யாணமாகி இருந்த மகள் ஜொசியானிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. மருமகன் போன் செய்தபோது எடினால்வா துணி அலசிக்கொண்டிருந்தாள். கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, இரண்டு மாற்றுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு காலை பஸ்ஸைப் பிடித்தாள். மாடுகளை விட்டு இருவரும் போக முடியாது, லோரிவால் இருந்தான். பானையில் அவரை வேகிறது, கோழியை அடைத்துவிடு என்றெல்லாம் அவனிடம் சொன்னாள். தொட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவன் அதைத் தொடமாட்டான் என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

குழந்தை பெண். செலினா என்று பெயர் வைத்து ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது நாள் இருந்தது. பக்கவாட்டுத் துளை வழியாகக் கையை விட்டு எடினால்வா ஒரு விரலை நீட்டுவாள், அது பிடித்துக்கொள்ளும். வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அடக்கம். ஊரிலிருந்து நகரத்துக்கு நாளுக்கு ஒரே பஸ், லோரிவால் வந்து சேர வழியில்லை. அவள் போனில் சொன்னாள். "எப்ப வர்ற?" என்றான் அவன். சனிக்கிழமை என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

சனிக்கிழமை காலையில் அவன் என்னவெல்லாம் செய்தான் என்பதை அவள் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டாள். முற்றத்தைப் பெருக்கியிருந்தான். காப்பிப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தான். பிறகு சாமான் அறையைத் திறந்து, தீவன மூட்டைகளின் முன்னால் நின்றிருக்கிறான். பன்னிரண்டு நாளாகத் தொட்டியில் வெறும் உப்புகூட இல்லை. அவள் வந்து காலியான தொட்டியைப் பார்க்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. தள்ளுவண்டியில் உப்பையும் யூரியாவையும் கொட்டி மண்வெட்டியால் கிளறினான். மரவள்ளி மாவு ருசிக்காகச் சேர்ப்பதுதானே என்று அந்த மூட்டையைப் பிரிக்கவில்லை. வெள்ளை யூரியாதான் மருந்து, மருந்து குறையக் கூடாது. மூன்று தொட்டியையும் விளிம்புவரை நிரப்பினான். உப்புக்கு ஏங்கியிருந்த கிடாரிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்து நக்கின. அவன் வேலியில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தான்.

எடினால்வா பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. லோரிவால் வந்து நிற்பான் என்று நினைத்திருந்தாள். வந்தது பக்கத்து நிலத்துக்காரர் ஒனோஃப்ரேயின் வண்டி. ஜொசியானிக்கு ஞானத்தகப்பன் அவர். அந்த உறவுமுறையில் அவளைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார். "ஏறுங்க கொமாத்ரே" என்றார். "துக்கத்துல வர்றீங்க, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மாடுங்க விழுந்துக்கிட்டே இருக்கு."

தொட்டிக்கும் வேலிக்கும் நடுவில் ஐந்து கிடாரிகள் கால் விறைத்துக் கிடந்தன, வயிறு மத்தளம் போல உப்பியிருந்தது. இன்னும் சில நின்ற இடத்திலேயே உடம்பெல்லாம் உதற, வாயில் நுரை வழியத் தள்ளாடின. லோரிவால் மண்ணில் உட்கார்ந்து ஒன்றின் தலையை மடியில் வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தான்.

"எலிச்செடி, நால்வா. ஓடைப் பக்கம் அந்த விஷச்செடியத் தின்னுருக்குதுங்க. காலைல நல்லாத்தான் இருந்துச்சு." அவன் குரல் உடைந்தது. "இன்னைக்குன்னு பாத்து உன் சின்னதுங்களுக்கு நானே வச்சேன். மூணு தொட்டியும் நெறைய வச்சேன். நீ வந்து பாக்கணும்னு."

அவள் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். பளீரென்று வெள்ளை. மாவின் மங்கல் எங்கேயும் இல்லை. அருகில் நின்ற கிடாரியின் வாயருகே குனிந்தாள். மூத்திரக் கொட்டிலின் காரநெடி மூக்கில் ஏறியது. பன்னிரண்டு நாள் இடைவெளியில் அந்த வயிறுகள் யூரியாவை மறந்திருந்தன. கூடவே எரிக்க மாவும் இல்லை. வயிற்றில் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அத்தனையும் ரத்தத்தில் ஏறிவிட்டது. அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சொல்லத்தான் வாயெடுத்தாள். பேத்தியைக் கண்ணால் பார்க்காமலே பறிகொடுத்த மனிதன் மண்ணில் உட்கார்ந்து அவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சுண்ணாம்பு போல யூரியாத் தூள் அப்பியிருந்தது.

"ஆமா. எலிச்செடிதான்" என்றாள்.

பிறகு ஒனோஃப்ரேயிடம், வீடு வீடாகப் போய் இருக்கிற வினிகர் அத்தனையும் வாங்கி வரச் சொன்னாள். எலிச்செடிக்கு வினிகர் கேட்குமா என்று அவர் கேட்டார். பயிற்சியில் சொன்னார்கள் என்றாள். விஷம் ஏறிய மாட்டுக்கு உப்பு ஆகாது என்று லோரிவாலிடம் சொல்லி, தானே மூன்று தொட்டிகளையும் கவிழ்த்து, அதிலிருந்ததைக் குழி தோண்டிப் புதைத்தாள். ஊர்ப் பெண்கள் சமையலறைகளில் பாதியும் கால்வாசியுமாக இருந்த வினிகர் பாட்டில்களைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் வாயோரத்தில் ஊற்ற, பின்னாலேயே குளிர்ந்த தண்ணீர். சூரியன் இறங்கும்போது பதின்மூன்று போயிருந்தன. பதினெட்டு பிழைத்து நின்றன.

அந்த அமளியில் குழந்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் மாட்டுக்காகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். லோரிவால் காப்பி போட்டு அவள் முன்னால் வைத்தான். அவளும் குடித்தாள்.

பதின்மூன்றையும் டிராக்டர் வைத்துப் புதைத்த மறுநாள், அவன் களைக்கொத்தைத் தீட்டி எடுத்துக்கொண்டு ஓடைப் பள்ளத்துக்குப் போனான். நிழலில், ஈரத்தில் வளர்கிற செடி அது. உண்மையிலேயே அங்கே கொஞ்சம் இருந்தது. வேருடன் பிடுங்கிக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து அவளிடம் காட்டினான். "பாத்தியா, எத்தன இருக்கு பாரு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்." அவள் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள்.

ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் ஓயவில்லை. காலைக் காப்பி குடித்ததும் கிளம்பினால் உச்சி வெயில்வரை மண்டி போட்டு மண்ணைக் கிளறுவான். தன் நிலம் முடிந்து ஒனோஃப்ரேயின் ஓடைக்கரையையும் சுத்தம் செய்தான். உள்ளங்கை பிளந்து ரத்தம் கண்டது; மாட்டுக் கொழுப்பைத் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டான். கடைவீதியில் யாரைக் கண்டாலும் செடியை எடுத்துக் காட்டி, இலை எப்படி இருக்கும், பூ எப்படி இருக்கும் என்று விளக்கினான். நாள் போகப் போக அவளுக்குச் சொல்வது கடினமாகிக்கொண்டு போனது. நேற்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் உழைப்பு மிச்சமாகியிருக்கும் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் அவன் வளைந்த முதுகோடு வருவதைப் பார்த்ததும் சோறு எடுத்து வைக்கப் போய்விடுவாள். அவனுக்காக மறைக்கிறோமா, தொட்டியைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறியவளுக்காக மறைக்கிறோமா என்றும் கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்த கேள்விதான்.

மிஞ்சிய பதினெட்டுக்கும் அவள் முதல் அளவிலிருந்து, மாவு கூட்டி, யூரியா கொஞ்சமாக வைத்து மறுபடி பழக்கினாள். அவன் வந்து வேலியோரம் நிற்பான். "இன்னுங் கொஞ்சம் வையேன் நால்வா. பாவம், பொழச்சு வந்ததுங்க" என்பான். அவள் கை அப்படியே நின்றுவிடும். சின்னதுங்க சாப்பிட்டாச்சா என்று அவன் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேலி செய்யவில்லை.

செப்டம்பர் முடிகிற சமயம், ஒரு காலையில் ஒனோஃப்ரே வேலியோரம் வண்டியை நிறுத்தினார். அவருடைய இளங்காளைகள் எலும்பும் தோலுமாகிவிட்டனவாம். உங்கள் மாடுகளில் மிச்சத்தைக் காப்பாற்றியதே அந்தத் தீவனம்தான் என்று லோரிவால் சொன்னானாம். வெள்ளையை நிறையப் போடு, மாவெல்லாம் ருசிக்குத்தான், வேண்டாம் என்றும் சொன்னானாம். இரண்டு மூட்டை யூரியா வாங்கியாகிவிட்டது. நாளைக் காலையில் வைக்கப்போகிறார்.

எடினால்வா தராசைக் கீழே வைத்தாள். முதல் வாரம் எவ்வளவு, இரண்டாம் வாரம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று சொன்னாள். முதலில் வெறும் உப்பை வைத்து உப்புப் பசியைத் தீர்க்கச் சொன்னாள். நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போனாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றாள்.

"எடுத்த எடுப்புல நெறைய வச்சா என்ன ஆகும் கொமாத்ரே?"

"செத்துப்போகும்."

"எப்படி?"

அவள் சொன்னாள். உதறலைச் சொன்னாள், நுரையைச் சொன்னாள், வயிறு உப்புவதைச் சொன்னாள். ஒனோஃப்ரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு நான்கு கிடாரிகளின் தலையைத் தூக்கிப் பிடித்தவர் அவர். தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் சொல்லமாட்டார் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் லோரிவால் இன்னொருவனிடம் சொல்வான். அவன் கட்டுக்கட்டாகச் செடியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், நல்ல மனசோடு, வெள்ளையை நிறையப் போடு என்பான். எடினால்வா கையைக் கழுவினாள். ஓடைப் பள்ளத்துக்கு நடந்தாள்.

அவன் மண்டி போட்டு ஒரு வேரை இழுத்துக்கொண்டிருந்தான்.

"லோரி, போதும். அன்னைக்கு மாடு செத்தது எலிச்செடியால இல்ல."

"அப்பறம் எதால?" அவன் நிமிரவில்லை.

"யூரியா. பன்னெண்டு நாள் விட்டுப்போயிருந்துச்சு. மாவும் சேரல."

வேர் கையோடு வந்தது. அதிலிருந்த மண்ணை உதறிக் குவியலின் மேல் வைத்தான். "நான் வச்சதுதான்" என்றான்.

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும். எம்மேலதான் தப்பு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வந்து எறங்குன அன்னைக்கே."

அவன் துணி சுற்றிய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப ஒரு மாசத்துக்கு மேல நான் புடுங்கறதப் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்க."

"உனக்குத் தாங்காதுன்னு நெனச்சேன், லோரி."

"மாட்டக் கொன்னது நான்தான்னு சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன்" என்றான் அவன். குரல் உயரவில்லை. "பைத்தியக்காரனாட்டம் செடியத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் திரிஞ்சேனே. நீ வீட்ல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியே. அதுதான் தாங்கல."

கொத்தை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஏறிப் போனான். வீட்டுக்குப் போகவில்லை. வெயிலில் நடந்தே ஒனோஃப்ரேயிடம் போய், நான் சொன்ன மாதிரி எதையும் வைக்காதே என்றான். அங்கிருந்து கடைவீதிக்குப் போனான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம், எலிச்செடி இல்லை, நான்தான், என் கையால் கொட்டியதுதான் என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னான்.  ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்தாராம். அவன் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டானாம்.

அன்று சாயங்காலமே தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகள் இருந்த அறைக்கு மாறினான். சண்டை போடவில்லை. வேலியைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டான். அவளை நால்வா என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோனது. எடினால்வா என்று முழுப்பெயரையும் சொன்னான், பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது போல.

அக்டோபர் கடைசியில் முதல் மழை பெய்தது. அடுத்த நாள் மத்தியானம் சோறும் அவரையும் வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"கொழந்த எப்படி இருந்துச்சு?"

இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது. அவளும் தன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு கைக்குள்ள அடங்கிரும். தலை நெறைய முடி. உன் காது மாதிரி, மேல் மடிப்பு இல்லாத காது. என் வெரலப் புடிச்சுக்கும். விட்டா மொகத்தச் சுளிக்கும். டாக்டரம்மாகூட சிரிப்பாங்க."

"அழுமா?"

"சத்தம் வராது. வாய் மட்டும் அழும்."

அவன் மேசையில் நெற்றியை வைத்து அழுதான். தோள் குலுங்கக் குலுங்க, ஆண்மகன் என்ற கூச்சமில்லாமல் அழுதான். அவளும் அழுதாள், ஆஸ்பத்திரியில் மகளுக்காக அடக்கியது, மாடுகளுக்கு நடுவில் அவனுக்காக அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு கட்டத்தில் அவள் கையை நீட்டி அவன் கைமேல் வைத்தாள். அவன் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தான். பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான்.

"நான் போயி அந்த எடத்தப் பாத்துட்டு வரணும்" என்றான்.

"நானும் வர்றேன்."

"மாட்ட யாரு பாக்கறது" என்றான். அவள் எழுந்து அவனுடைய துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாகச் சொல்லிப் போனான். அந்த ஞாயிறு வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜொசியானி போன் செய்தாள். அப்பா தினமும் காலையில் கல்லறைக்கு நடந்து போய் வருகிறாராம். பெயர் எழுதிய சின்னப் பலகை ஒன்றைத் தானே செதுக்கி நட்டிருக்கிறாராம். மற்ற நேரமெல்லாம் தன்னோடு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறார், பேசுவதில்லை, எழுந்தும் போவதில்லை என்றாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன என்று கேட்டாள். எடினால்வா ஒன்றுமில்லை என்றாள். பிறகு மனம் பொறுக்காமல், நான் அவரிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்றாள்.

மழையில் புல் பச்சைகட்டிவிட்டது. இனி யூரியாவும் தேவையில்லை, மாவும் தேவையில்லை. பதினெட்டு கிடாரிகளும் ஈரப் புல்லை மேய்ந்து மினுமினுத்தன. அவள் காலையும் மாலையும் அவற்றை எண்ணினாள். எண்ணுகிறபோது சில நாள் பதினெட்டில் நிற்காமல் மேலே எண்ண வாய் போகும்.

லோரிவால் நவம்பர் பாதியில் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். ஜொசியானி எழுந்து நடமாடுகிறாள் என்றான். மாடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு, நன்றாகத் தேறியிருக்கின்றன, எடினால்வா என்றான். பையை மகளின் அறையில் கொண்டுபோய் வைத்தான். அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இருவரும் சாப்பிட்டார்கள்.